மாடிக்குக் கைப்பிடிச் சுவர்

(நம் மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களைக் காக்க வைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஆண்டுதோறும் இந்த மேடையில் நாங்கள் ஒரு நோயாளியின் கதையைச் சொல்வது வழக்கம். பார்வை இழந்து வந்து, பார்வையோடு வீடு திரும்பிய பாட்டியின் கதை. எடை குறைந்து பிறந்து, பிழைத்து, இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கதை. இன்று நான் பேசப்போவது நோயாளியைப் பற்றி அல்ல. நோயாளிக்குப் பணிவிடை செய்கிறவர்களைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், "பணியிடப் பாதுகாப்புக் கொள்கை" என்று தலைப்புப் போட்ட ஒரு சிறு புத்தகத்தைப் பற்றி.

இதைச் சொன்னதும் நம் அலுவலக மேலாளர் சிரித்தார். "சிஸ்டர், கொள்கை விதிமுறை என்று ஆரம்பித்தால் எல்லோரும் தூங்கிவிடுவார்களே!" என்றார். தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஆனால் அந்தப் புத்தகம் ஏன் பிறந்தது என்பதைக் கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நம் பிரசவ வார்டில் ஒரு ஆயா வேலை பார்த்தார். அவர் பெயர் வேண்டாம். வார்டில் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவோம். நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு நாள் இரவு, அடுத்தடுத்து மூன்று பிரசவங்கள். வேலை முடிந்து குப்பைப் பையின் வாயைக் கட்டும்போது, பஞ்சுக்குள் கிடந்த ஊசி ஒன்று அக்காவின் உள்ளங்கையில் ஏறிவிட்டது.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? குத்திய இடத்தைப் பிதுக்கினார். கொஞ்சம் ஸ்பிரிட் தடவினார். சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பையை எடுத்துப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். பிறகு மனசு கேட்காமல், டியூட்டியில் இருந்த நர்ஸிடம் சொன்னார். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டாக்டரோ ஆப்பரேஷன் தியேட்டரில். யாரிடம் சொல்வது, எந்த நோட்டில் எழுதுவது, எந்த மருந்து கொடுப்பது, ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. "காலையில மேட்ரனைப் பாருங்க அக்கா" என்றாள்.

காலை 7 மணிக்கு அக்காவின் டியூட்டி முடிந்தது. நான் வந்தது 8 மணிக்கு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவருக்கு விடுமுறை. மூன்றாம் நாள் மாலையில் அந்த இளம் நர்ஸ் வேறு ஏதோ பேச வந்தவள், போகிற போக்கில், "அக்கா உங்களைப் பார்த்தாங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மணிக்கணக்கை ஏன் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி இன்னொருவரைக் குத்தினால் முக்கியமாக மூன்று நோய்கள் வர வாய்ப்பு உண்டு. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்ற இரண்டு வகை ஈரல் அழற்சி; மூன்றாவது எச்.ஐ.வி. தடுப்பூசி போடாத ஒருவரை, ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவரின் ஊசி குத்தினால், நூறு பேரில் 6 முதல் 30 பேர் வரை அது தொற்றக்கூடும். எச்.ஐ.வி. அவ்வளவு எளிதாகத் தொற்றாது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ 3 பேர். அதையும் தடுக்க மருந்து இருக்கிறது. ஆனால் அதை முடிந்தவரை உடனே, இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை என்பதால் கொடுப்பதில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

அன்று இரவே அக்காவை ஜீப்பில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். அந்தப் பையில் பலருடைய ஊசிகளும் கிடந்திருக்கலாம். குத்தியது யாருக்குப் போட்ட ஊசி என்று கண்டுபிடிக்க வழி இல்லை. ஆகவே மருந்தைத் தொடங்கிவிடலாம் என்றார்கள். அடுத்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேட்டார்கள். நான் தலை குனிந்தேன். நம் மருத்துவமனையில் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் அந்தத் தடுப்பூசி போட்டிருந்தோம். பட்டியல் தயாரித்தவளே நான்தான். ஆயாக்களும் துப்புரவுப் பணியாளர்களும் வேறு சம்பளப் பட்டியலில் இருந்ததால், தடுப்பூசிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் ஏறவில்லை. ஊசி கிடக்கிற குப்பையைக் கையால் அள்ளுகிறவர்கள் அவர்கள்தான்!

அந்த 28 நாளும் அக்காவுக்கு வயிற்றைப் புரட்டியது. அதைவிட அவரை வாட்டியது பயம். ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. அதுவரை வீட்டில் தன் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்துக்கொண்டாராம். அப்படியெல்லாம் தொற்றாது என்று நான் எத்தனை முறை சொல்லியும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் என் அறை வாசலில் நின்றுகொண்டு, "சிஸ்டர், நான் என்ன தப்பு பண்ணுனேன்?" என்று கேட்டார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை அக்கா. நாங்கதான் பண்ணினோம்" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

ஆறு மாதம் கழித்து வந்த கடைசிப் பரிசோதனையிலும் நோய் இல்லை என்றே வந்தது. அன்று நாங்கள் இருவரும் அழுதோம்.

நண்பர்களே, இதில் என்னை உறங்கவிடாமல் செய்த விஷயம் ஒன்று உண்டு. ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். எங்களில் சிலர் அதைப் பயிற்சி வகுப்பிலேயே படித்தவர்கள். ஆனால் அந்த அறிவு எங்கே இருந்தது? என் தலைக்குள் இருந்தது. இரவு 2 மணிக்கு என் தலை என் வீட்டுத் தலையணையில் இருந்தது. பெரியவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிற பாதுகாப்பு, இரவு டியூட்டியில் இருக்கிற கடைசி ஆளுக்கு உதவாது. அதை எழுதி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டனில் 1974ல் வந்த சட்டத்தின்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளி தம் பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் வைக்க வேண்டும். நம் நாட்டில் 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகு, 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிற்சாலை நடத்துகிறவர் பாதுகாப்புக் கொள்கையை எழுத வேண்டும். அதை நிறைவேற்ற என்ன ஏற்பாடு என்றும் எழுத வேண்டும். தேவைப்படும்போது திருத்த வேண்டும். எல்லாத் தொழிலாளர்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று அந்தத் திருத்தம் கேட்டது. நாங்களோ, "நாம் தொழிற்சாலையா என்ன? சேவை செய்கிற இடம்தானே" என்று இருந்துவிட்டோம். சேவை செய்கிற கைக்கும் ஊசி குத்தும்.

அக்காவின் சம்பவத்துக்குப் பிறகு நிர்வாகக் குழு என்னையும் சேர்த்து நான்கு பேரை நியமித்து, ஒரு கொள்கை எழுதச் சொன்னது. நாங்களும் எழுதினோம். எப்படி? ஒரு பெரிய மருத்துவமனையின் புத்தகத்தை வாங்கி, அவர்கள் பெயர் வரும் இடத்தில் நம் பெயரைப் போட்டோம். நாற்பது பக்கம், அத்தனையும் ஆங்கிலம். அழகாக அட்டை போட்டு என் அறைப் பீரோவில் வைத்தோம். சான்றிதழுக்காகப் பார்வையிட வந்தவர்களும் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து, வார்டில் புதிதாகச் சேர்ந்த ஆயா ஒருவரிடம், "ஊசி குத்திட்டா என்னம்மா செய்வே?" என்று கேட்டேன். "சிஸ்டரைத்தான் கேக்கணும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காகிதம் வந்துவிட்டது, கொள்கை இன்னும் வரவில்லை என்று புரிந்தது.

ஆகவே மறுபடியும் தொடங்கினோம். இந்த முறை பேனாவை எடுக்கவில்லை, நடந்தோம். பத்து நாள், தினமும் ஒரு மணி நேரம், ஒவ்வொரு பிரிவிலும் வேலை செய்கிறவரைக் கூடவே வைத்துக்கொண்டு நடந்தோம். "இங்கே உங்களுக்கு எதைக் கண்டால் பயம்? எது கையை வெட்டும்? எது வழுக்கும்?" என்று கேட்டோம். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. குறை சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். இரண்டாம் நாள் சலவைப் பிரிவில் ஒரு பெரியவர் பேசத் தொடங்கினார். ஒரு பழைய டப்பாவை எடுத்து வந்து கவிழ்த்தார். தியேட்டர் துணிகளுக்குள் அவர் கண்டெடுத்த ஊசிகள், பிளேடுகள், ஒரு கத்தரிக்கோல்! "கை விடுறதுக்கு முன்னாடி நான் துணியை உதறித்தான் பார்ப்பேன்" என்றார். அவரிடம் ஒரு பாதுகாப்புக் கொள்கை ஏற்கெனவே இருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

வார்டு ஆயா ஒருவர் சொன்னது என் கண்ணைத் திறந்தது. "பெட்டி அங்க இருக்கு, ஊசி இங்க இருக்கு சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஊசி போடும் பெட்டி நர்ஸ் மேஜை அருகே இருந்தது. ஊசி போடுவதோ வார்டின் கடைசிக் கட்டிலில். நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டு, அதைத் தட்டில் வைத்துக்கொண்டு, அத்தனை தூரம் நடக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் தட்டு அங்கேயே இருக்கும். தட்டில் இருக்கிற பஞ்சோடு ஊசியும் குப்பைக்குப் போகும். அக்காவின் கையில் ஏறிய ஊசி எந்த வழியாக வந்தது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

வாட்ச்மேன் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவருடைய சைக்கிள் திருடு போனதிலிருந்து, பின்பக்க வாசலை இரவில் பூட்டிவிடுவார்களாம். சாவி அலுவலகத்தில். அலுவலகமும் பூட்டியிருக்கும். இதைக் கேட்டதும் எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. 2011 டிசம்பர் 9ஆம் தேதி அதிகாலையில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியும் பொருள்களைப் போட்டு வைத்திருந்தார்கள். புகை மேல் மாடிகளுக்கு ஏறி, ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் படுத்த படுக்கையாய் இருந்த நோயாளிகள். கேரளத்திலிருந்து வேலைக்குப் போயிருந்த இரண்டு இளம் நர்சுகள் நோயாளிகளை வெளியே கொண்டுவந்துவிட்டு, இன்னும் சிலரைக் காப்பாற்றப் போன இடத்தில் உயிரிழந்தார்கள். அவர்களுடைய தியாகத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் ஒரு நிர்வாகம் தன் ஊழியரிடம் அப்படி ஒரு தியாகத்தைக் கேட்கும் நிலைக்கு வரவே கூடாது.

நடந்து முடித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரே வரிசையில் கேள்வி கேட்டோம். முதல் கேள்வி, இந்த ஆபத்தே இல்லாமல் செய்ய முடியுமா? மாத்திரை போதும் என்ற இடத்தில் ஊசி எதற்கு? இரண்டாவது, ஆபத்துக் குறைந்த பொருளை மாற்றி வைக்க முடியுமா? மூன்றாவது, ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு வைக்க முடியுமா? ஊசி வெட்டும் கருவியையும் துளைக்க முடியாத பெட்டியையும் மருந்துத் தள்ளுவண்டியிலேயே மாட்டினோம். இப்போது அவை கட்டிலுக்குக் கட்டில் கூடவே போகின்றன. நான்காவது, வேலை செய்யும் முறையை மாற்றலாமா? ஊசிக்கு மறுபடி மூடி போடக்கூடாது; பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும்; ஊசியைப் போட்டவரே அதைப் பெட்டியில் போட வேண்டும். ஐந்தாவதுதான் கையுறை. முன்பெல்லாம் எங்கள் பாதுகாப்பு கையுறையில் தொடங்கிக் கையுறையிலேயே முடிந்துவிடும். கையுறை ஊசியைத் தடுக்காது என்பதை அக்காவிடம் கேட்டால் சொல்வார். அன்று அவர் கையுறை போட்டுத்தான் இருந்தார்.

இப்போது அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். உங்களில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் உண்டு, அச்சகம் வைத்திருக்கிறவர்கள் உண்டு, பத்துப் பேரை வைத்துத் தையல் வேலை செய்கிறவர்களும் உண்டு. உங்களுக்கும் இது பயன்படும்.

முதல் பக்கத்தில் நிர்வாகத்தின் வாக்குறுதி. "இங்கே வேலை செய்ய வருகிற ஒவ்வொருவரும் வந்தபடியே நலமாக வீடு திரும்ப வேண்டும், அதற்கு நாங்கள் பொறுப்பு" என்ற கருத்தில் ஐந்தாறு வாக்கியங்கள். கீழே மருத்துவக் கண்காணிப்பாளரின் கையெழுத்தும் தேதியும். கையெழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டவர் மறுநாள் தாமாகவே பின்வாசல் பூட்டைப் போய்ப் பார்த்தார்!

இரண்டாம் பகுதியில் யாருக்கு என்ன பொறுப்பு என்பது. இதில் ஆட்களின் பெயரை எழுதக்கூடாது. பதவியை எழுத வேண்டும். பெயர் எழுதினால் அவர் மாற்றலாகிப் போனதும் பொறுப்பும் போய்விடும். "இரவு டியூட்டி வார்டு நர்ஸ்", "தியேட்டர் பொறுப்பாளர்", "ஜெனரேட்டர் இயக்குபவர்" என்று எழுதினோம்.

மூன்றாம் பகுதியில் ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டோம். ஊசிக் குத்து, தீ, ஆக்சிஜன் சிலிண்டர், நோயாளியைத் தூக்குவதால் வரும் இடுப்பு வலி, எக்ஸ்ரே அறை, காசநோய் வார்டு, சமையலறை, சலவை, இரவு டியூட்டிக்கு வந்துபோகும் பெண்களின் பாதுகாப்பு. பெண்கள் பணியிடத்தில் துன்புறுத்தப்படுவதைத் தடுக்க 2013ல் வந்த சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு ஒன்று இருக்க வேண்டும். அந்தக் குழுவை எப்படி அணுகுவது என்பதும் இதில் இருக்கிறது.

நான்காம் பகுதியில் பதிவேடுகள். யாருக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போட்டோம், யார் எந்தப் பயிற்சிக்கு வந்தார், என்ன விபத்து நடந்தது, அதற்கு என்ன செய்தோம். ஐந்தாம் பகுதி ஒரே வரி: அடுத்து எந்தத் தேதியில் இதைத் திருத்துவோம் என்பது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி உண்டு. ஒரு முறை இரண்டு வார்டுச் சுவர்களில் இரண்டு வேறு தொலைபேசி எண்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், ஒன்று பழையது. அவசரத்தில் பழைய எண்ணைச் சுற்றினால் என்ன ஆகும்? அன்றிலிருந்து, புதுப் பக்கம் ஒட்டுகிறவர் பழைய பக்கத்தைக் கிழித்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

எல்லாவற்றையும் தமிழில் எழுதினோம். எழுதியதை ஆயாக்களிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும் படித்துக் காட்டினோம். அவர்களுக்குப் புரியாத வார்த்தை எல்லாம் வெளியே போனது. வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் போட்டோம். ஊசிக் குத்துக்கான பக்கம் இன்றும் எல்லா வார்டிலும் கை கழுவும் இடத்துக்கு மேலே இருக்கிறது. பிதுக்காதே, வாயில் வைக்காதே. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவு. உடனே வார்டு நர்ஸிடம் சொல். நர்ஸ் இந்த எண்ணுக்குப் பேச வேண்டும். எந்த நேரமானாலும் பேச வேண்டும். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரிந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசி வரி, "சொன்னதற்காக உங்களை யாரும் திட்டமாட்டார்கள்."

அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? அக்காதான். "அது இல்லேன்னா யாரும் சொல்ல மாட்டாங்க சிஸ்டர்" என்றார்.

தடுப்பூசிப் பட்டியலையும் மாற்றினோம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. குப்பையைத் தொடுகிற எல்லோருக்கும், எந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தாலும், போட்டோம். 2016ல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் இந்தத் தடுப்பூசியையும், ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சியையும் உடல் பரிசோதனையையும் எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கின. நாங்கள் சட்டத்துக்கு முன்பே செய்துவிட்டோம் என்று பெருமை பேச எனக்கு வாய் இல்லை. அக்காவுக்குப் பிறகுதானே செய்தோம்.

கொள்கை வந்த முதல் ஆண்டு முடிவில் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பதிவேட்டை வைத்தேன். முந்தின ஆண்டைவிட ஊசிக் குத்துகள் கூடியிருந்தன. உறுப்பினர் ஒருவர், "என்ன சிஸ்டர், இவ்வளவு செலவு செய்து விபத்தைக் கூட்டியிருக்கிறீர்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "ஐயா, குத்துகள் முன்பும் இருந்தன, சேலைத் தலைப்புக்குள் இருந்தன. இப்போது நோட்டுக்கு வந்திருக்கின்றன" என்றேன். பதிவேட்டில் ஒன்றுமே இல்லாத மருத்துவமனையைக் கண்டால்தான் நான் பயப்படுவேன்.

எழுதி முடித்ததோடு வேலை முடிந்துவிடுமா? இல்லை. 2020ல் கொரோனா வந்தபோது, எங்கள் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை. காசநோய்ப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். கவச உடையை அணிவதைவிடக் கழற்றும்போதுதான் கிருமி நம்மேல் படும் ஆபத்து அதிகம் என்று தெரிந்ததும், கழற்றும் வரிசையை எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அந்த நாட்களில் பக்கங்களை அடிக்கடி மாற்றினோம். பயந்து போயிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு, "இன்று என்ன செய்ய வேண்டும்" என்று சொல்லும் ஒரு பக்கம் எவ்வளவு பெரிய தைரியம் என்பதை அப்போது கண்ணால் கண்டேன். எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான் எங்களால் அவ்வளவு சீக்கிரம் எழுத முடிந்தது.

பழைய ஏற்பாட்டில், உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். ஒருவர் அங்கிருந்து விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அக்காவின் கையில் ஊசி ஏறிய பிறகுதான் அதைக் கவனித்துப் படித்தேன். விழுந்தவர் கவனமாக நடந்தாரா, கவனம் இல்லாமல் நடந்தாரா என்று அந்தக் கட்டளை கேட்கவில்லை. சுவர் இருந்ததா என்றுதான் கேட்கிறது. அதுவும் ஒருவர் விழுந்த பிறகு கட்டச் சொல்லவில்லை. வீடு கட்டும்போதே கட்டச் சொல்கிறது. எழுதிய வேலைப் பாதுகாப்பு விதிகளில் இவ்வளவு பழையதையும் இவ்வளவு சுருக்கமானதையும் நான் வேறெங்கும் படித்ததில்லை.

நண்பர்களே, நீங்கள் இந்த மருத்துவமனைக்குக் கட்டில் கொடுத்திருக்கிறீர்கள், ஸ்கேன் கருவி கொடுத்திருக்கிறீர்கள். அவற்றில் உங்கள் பெற்றோரின் பெயரைப் பொறித்திருக்கிறோம். கைப்பிடிச் சுவருக்கு யாரும் பெயர்ப் பலகை கேட்பதில்லை. ஊசிப் பெட்டி நிறைந்ததும் தூக்கிப் போடவேண்டிய பொருள். அதில் யார் பெயரை எழுத முடியும்? ஒரு ஆயாவுக்குப் போட்ட மூன்று தவணைத் தடுப்பூசியைப் புகைப்படம் எடுத்து இந்த மடலில் போட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது. வராமல் போன நோய்க்குப் படம் கிடையாது. இருந்தாலும் நீங்கள் கொடுக்கிற பொதுக் காணிக்கையில் ஒரு பகுதி ஆண்டுதோறும் இதற்குத்தான் போகிறது. அது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இன்று பேச வந்தேன்.

அக்கா இன்னும் நம்மிடம்தான் வேலை செய்கிறார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். புதிதாகச் சேரும் ஆயாக்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் முதல் நாள் பாடம் எடுப்பது அவர்தான். பயிற்சி நர்சுகளையும் அந்த வகுப்பில் உட்கார வைக்கிறோம். அவர் புத்தகத்தைத் திறப்பதில்லை. எல்லோரையும் கை கழுவும் இடத்துக்கு அழைத்துப்போய், சுவரில் இருக்கிற பக்கத்தைக் காட்டி, தன் உள்ளங்கையைத் திறந்து காட்டுவார். அங்கே தழும்புகூட இல்லை. "ஒண்ணும் தெரியலைல்ல? இப்படித்தான் இருக்கும். அதனாலதான் உடனே சொல்லணும்" என்பார்.

கூட்டம் முடிந்து வார்டுகளைச் சுற்றிப் பார்க்கப் போவீர்கள். அந்தப் பக்கத்தையும் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். உங்கள் வீட்டிலும் கடையிலும் பள்ளியிலும் யாருடைய தலைக்குள் மட்டும் என்னென்ன பாதுகாப்பு இருக்கிறது என்று போகும் வழியில் யோசியுங்கள். அதை எழுதி வையுங்கள்.